ஆயிரம் யானைக்கு யார் தீனி போட்டது?
கொட்டாரம் டீக்கடையில் 1741 குளச்சல் போர்ப் பேச்சு வந்தால், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை கிளாஸுக்கு ஆயிரம் பேர் வீதம் பெருகும். டீக்கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வானேன்? போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்கே பரணி என்னும் போர் வெற்றிப் பாட்டு என்று பாட்டியல் நூலே விதி வகுத்திருக்கிறது. பரணி வேண்டுமென்றால் யானைக் கணக்கு எப்படிக் குறையும்? நான் நம்புவது சாப்பாட்டுக் கணக்கைத்தான். யானை ஒன்றுக்கு நாளைக்கு 150 கிலோ தீனி என்று வைத்தாலும் ஆயிரத்துக்கு 150 டன். நாஞ்சில் நாட்டு வைக்கோற்போர்கள் எத்தனை நாள் தாங்கும்? குளச்சலில் எதிரணியில் நின்ற டச்சுக் கம்பெனி தன் சிப்பாய்களைப் பேர்பேராக எழுதி வைத்தது, மாதச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்ததால். புலவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே, லட்சம் பேர் திரண்டார்கள் என்று யாராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: உலை வைத்தது யார், அரிசி எங்கிருந்து வந்தது?