கேட்ட விலை சான்றாகாது

மாதா வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த 2012ஆம் ஆண்டு ஐந்து ரூபாய் நாணயத்துக்கு இணையத்தில் இலட்சங்கள் கேட்கப்படுகின்றன. சேகரிப்பாளர் சிலர் அதையே மதிப்பெனக் கொண்டு வாதிடுகின்றனர். கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு. நாணயச்சாலைக் குறியும் தேய்மான நிலையும் முடிந்த விற்பனையும் குறிக்கப்படாத தொகை, ஆய்வுச் சான்றாகாது.

இத்தகைய தொகைகளே மோசடிக்குத் தூண்டில். பழங்காசு விற்பனைக்குத் தன் பெயரால் கட்டணமும் வரியும் கேட்போரை நம்ப வேண்டாவென 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. பேத்தமங்களா ஏரிநீரால் வளர்ந்த தங்கவயலில் 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலையிழந்த இல்லங்களில் இத்தூண்டில் பறிப்பது பொழுதுபோக்கை அன்று, சேமிப்பை. ஆய்வு மாணவர்களே, விலையை மேற்கோள் காட்டுமுன், அவ்விலைக்கு விற்றதா என வினவுங்கள்.