மீன் தொட்டிக்குச் சாயக்கல் தேவையா?

கறவை மாடு, கோழி வளர்ப்பைப் போல வண்ணமீன் வளர்ப்பும் சிறு விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு துணைத் தொழிலாக அமையக்கூடியது. சென்னை கொளத்தூர் இதற்குப் பெயர் பெற்ற இடம். ஆனால் புதிதாகத் தொடங்குவோர் பலர் மீன் வாங்கும் முன்பே காசைக் கல்லில் போட்டுவிடுகின்றனர். சாயக்கல், பிளாஸ்டிக் செடி, பொம்மைக் கோட்டை என்று வாங்கிக் குவித்த பின், காற்றேற்றும் கருவிக்கும் நல்ல தீவனத்திற்கும் கையில் பணம் இருப்பதில்லை. மீன் வாழ்வது தண்ணீரில், அலங்காரத்தில் அன்று.

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 4 செ.மீ. கனத்திற்கு மணல் பரப்பச் சுமார் 7 லிட்டர் மணல் போதும். அதாவது அரை வாளி. பூச்சு வேலைக்கு ஆற்று மணலைச் சலிக்கும்போது சல்லடையில் தங்கும் பருமணலைக் கொத்தனார்கள் ஒதுக்கிக் கொட்டிவிடுவர். அதில் 2 முதல் 4 மி.மீ. பருமனுள்ளதே தொட்டிக்கு ஏற்றது. பொடி மணல் இறுகி, அடியில் காற்றில்லாமல் அழுகிய முட்டை நாற்றம் தரும். பெரிய கூழாங்கற்களின் இடுக்கில் தீவனம் தங்கி அழுகும். தங்கமீன் சிறு கல்லை வாயில் போட்டுக்கொள்ளும். அது தொண்டையில் சிக்கக்கூடும். ஆகவே தங்கமீன் தொட்டிக்கு, அதன் வாய்க்குள் நுழையாத கூழாங்கல் சிலவற்றைப் போட்டு, இடுக்கை அடிக்கடி சுத்தம் செய்வதே நல்லது.

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் நல்லதாகிவிடாது. சிமென்ட் கலந்த மணலும் கடல் மணலும் கூடாது. கல்லின் மீது எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்தால், அதில் சுண்ணாம்பு உள்ளது. தண்ணீரின் கடினத்தன்மையும் காரத்தன்மையும் கூடும். கப்பி, மோலி போன்ற மீன்கள் அதைத் தாங்கும். மென்னீரை விரும்பும் மீன்கள் தாங்கா. மருந்து தெளித்த வயல்களின் வாய்க்காலிலிருந்து கல்லோ பாசியோ எடுப்பது மீனுக்கு நஞ்சிடுவதற்கு ஒப்பாகும்.

மீன் ஒதுங்க உடைந்த மண்பானையின் பாதி போதும். கூரிய விளிம்பைத் தேய்த்துவிட வேண்டும். தேங்காய்ச் சிரட்டையானால் நாரை நீக்கி, சாயம் இறங்குவது நிற்கும் வரை நீரை மாற்றி மாற்றி வேகவைத்த பிறகே இட வேண்டும். வேம்பு, எருக்கு, கள்ளிக் கட்டைகளைத் தொட்டியின் அருகிலும் கொண்டுவரக் கூடாது.

வாங்க வருவோர் பளபளப்பைத்தானே பார்க்கின்றனர் என்று சிலர் கேட்கலாம். வாங்குபவர் விலை கொடுப்பது மீனின் நிறத்திற்கே. பல மீன்கள் அடித்தளத்திற்கேற்பத் தம் நிறத்தை மாற்றிக்கொள்ளும் இயல்புடையவை. வெண்மையான கல்லின் மேல் அவை வெளிறித் தோன்றும். கருமை கலந்த மணலின் மேல் நிறம் எடுப்பாகத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய வெள்ளைக் கல், விற்க வேண்டிய மீனின் மதிப்பையே குறைத்துவிடுகிறது.

மணலுக்கு இன்னொரு பயனும் உண்டு. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சான அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மணலைப் பற்றி வளர்கின்றன. அவை பெருகச் சில வாரங்கள் ஆகும். எனவே தொடக்கத்தில் ஓரிரு மீன்களே விட வேண்டும். புதிய மணலைத் தண்ணீர் தெளியும் வரை கழுவலாம். மீன் விட்ட பிறகு முழு மணலையும் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசினால் இந்த நுண்ணுயிர்கள் அழிந்துபோகும்.

குஞ்சு பொரிக்கும் தொட்டிக்கு மணலே வேண்டாம். அடித்தளம் வெறுமையாக இருந்தால் கழிவை அன்றாடம் உறிஞ்சி எடுப்பது எளிது. அலங்காரம் வீட்டுக் கூடத்துத் தொட்டி ஒன்றுக்கு மட்டும் போதும்.

விதை நல்லதாக இல்லாத நிலத்தில் வரப்பை அழகுபடுத்தி என்ன பயன்? கடன் வாங்கித் தொழில் தொடங்கும் குடும்பம் முதலில் நல்ல தண்ணீருக்கும், நோயற்ற மீனுக்கும், தீவனத்திற்கும் செலவிட வேண்டும். கல்லுக்கும் மண்ணுக்கும் விவசாயி கடைக்குப் போக வேண்டியதில்லை.