சாமை விலை ஏறினால் யாருக்கு லாபம்?

நகரத்துச் சிறுதானியக் கடைகளில் ஒரு கரும்பலகை தொங்கும். சாமை, வரகு, தினை, குதிரைவாலி என்ற பெயர்கள் மாறாது. எதிரே எழுதிய விலையைத்தான் அடிக்கடி அழித்து எழுதுவார்கள். "போன மாதம் குறைச்சலா இருந்ததே?" என்று கேட்டால், "சரக்கு வரத்து இல்லைங்க" என்பார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பாதிக் கதைதான்.

அந்தப் பாதியை முதலில் பார்ப்போம். சாமை மானாவாரிப் பயிர். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே அறுவடைதான். மழை தவறினால் வரத்து சுருங்கும். உமி நீக்கிய அரிசி சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், வண்டும் விழும். அதனால் சிறிய கடைக்காரர் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, அன்றன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

உமியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிலோ சாமையை அரைத்தால் 60 முதல் 70 கிலோ அரிசிதான் தேறும். 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உமியோடு கிலோ 40 ரூபாய்க்கு வாங்கினால் அரிசியின் அடக்கம் 61 ரூபாயைத் தாண்டும். உமிச்சாமை 10 ரூபாய் ஏறினால் அரிசி 15 ரூபாய் ஏறும். அரவைக் கூலி, லாரி வாடகை, கடை வாடகை எல்லாம் இதற்கு மேல்.

மீதிக் கதை மலையில் இருக்கிறது. ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் சாமை விளைவிப்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். கிடங்கு இல்லாத, கடன் உள்ள விவசாயி களத்திலிருந்தே விற்றாக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கும் அந்த நாட்களில்தான் விலை அடிமட்டத்தில் இருக்கும். பிறகு விலை ஏறும்போது தானியம் அவர்கள் கையில் இருப்பதில்லை. கேழ்வரகுக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் ஒன்றிய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. சாமைக்கும் வரகுக்கும் தினைக்கும் அப்படித் தனி ஆதரவு விலை இல்லை. 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாட ஐ.நா.விடம் முன்மொழிந்ததும் இதே அரசுதான்.

கடைப் பொட்டலத்தில் 'நம் முன்னோர் உணவு' என்று அச்சிட்டிருக்கிறார்கள். யாருடைய முன்னோர்? நெல்வயலில் உழைத்துவிட்டு, அந்த நெல்லை உண்ண முடியாமல் கூழும் களியும் குடித்தவர்களின் உணவு இது. கூழ் குடிப்பதை இழிவாகப் பேசிய அதே சமூகம் இன்று அதற்குப் 'பாரம்பரியம்' என்று பெயர் சூட்டுகிறது. அந்த உழைப்பாளிகளிடம் இன்றும் நிலம் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடிப் பரப்பில் அவர்கள் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலம் இல்லாதவருக்கு விளைபொருள் விலை ஏறி என்ன பயன்? கூலி தானாக ஏறாது, கடையில் வாங்கும் செலவு மட்டும் ஏறும்.

எனவே கடைக்காரரோடு சண்டை போடுவது அரசியல் ஆகாது. விலை ஏற்ற இறக்கத்தை யார் தோளில் சுமத்துகிறோம் என்பதே கேள்வி. அதை அரசு சுமக்க முடியும். 2017இல் தொடங்கிய ஒடிசா சிறுதானியத் திட்டம் பழங்குடி விவசாயிகளிடம் ஆதரவு விலையில் கேழ்வரகு வாங்கி ரேஷனில் கொடுத்தது. தமிழ்நாட்டிலும் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள்.

இது சாமைக்கும் வரகுக்கும் வர வேண்டும். ஆதரவு விலை, அரசுக் கொள்முதல், மலைக் கிராமங்களிலேயே உமி நீக்கும் எந்திரமும் கிடங்கும், நிலமற்றோருக்கு நிலம். இவற்றைச் சேர்த்தே கேட்போம். அடுத்த முறை அந்தக் கரும்பலகையில் விலை மாறியிருந்தால், "ஏன் ஏறியது?" என்பதோடு நிறுத்தாமல், "விளைவித்தவருக்கு எவ்வளவு போனது?" என்றும் கேளுங்கள், தோழர்களே. கடைக்காரருக்கே பதில் தெரியாமல் இருக்கலாம். அரசிடம் கேட்க வேண்டிய கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.