துருவை மூடலாமா?

ஐம்பது வயது கடந்த கார் ஒன்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினைச் சரிசெய்வதுதான் பெரிய வேலை என்று நீங்கள் எண்ணலாம். பழைய வண்டிகளோடு பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். எஞ்சின் எளிது, தகடுதான் பாடாய்ப் படுத்தும் என்பார்கள். தேய்ந்த பிஸ்டன் வளையத்தைக் கழற்றிவிட்டுப் புது வளையம் போட்டுவிடலாம். கதவின் அடியிலும் தளத்திலும் துரு தின்ற தகட்டை அப்படி எளிதில் கழற்ற முடியாது.

அந்தத் தகட்டை என்ன செய்வது? இரண்டு வழிகள் இருக்கின்றன. துருவை மேலோட்டமாகச் சுரண்டி, பள்ளத்தையும் ஓட்டையையும் பட்டி வைத்து நிரப்பி, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவது ஒன்று. துருப்பிடித்த பகுதியை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே வளைவில் புதுத் தகடு அடித்துப் பற்றவைப்பது மற்றொன்று. முதலாவது இரண்டு நாளில் முடியும். இரண்டாவது வாரக்கணக்கில் இழுக்கும். செலவும் பல மடங்கு. பெயிண்ட் காய்ந்த பிறகு இரண்டும் கண்ணுக்கு ஒன்று போலவே பளபளக்கும். முதல் வழிக்கு இவ்வளவு ஆதரவு இருப்பதில் வியப்பென்ன! இந்த வழக்கில் நான் நடுநிலை வகிக்கப் போவதில்லை. துருவின் மேல் பட்டி வைப்பதைப் பழுதுபார்ப்பு என்று அழைக்கவே கூடாது என்பது என் கட்சி. காரணங்களைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் தொட்டுக்கொண்டு போகிறது. லாரியும் பஸ்ஸும் ஓயாமல் ஓடும் சாலையில் டிங்கர் பட்டறைகளுக்குப் பஞ்சமா? "எங்கள் ஊரில் கடல் இல்லை, உப்புக்காற்று இல்லை, வண்டி துருப்பிடிக்காது" என்று இந்தப் பக்கத்தில் பெருமை பேசுவோர் உண்டு. ராமேசுவரத்தோடு ஒப்பிட்டால் அது ஓரளவு உண்மைதான். பாம்பன் கடலில் 1914-இல் திறக்கப்பட்ட ரயில் பாலம் தன் ஆயுள் முழுவதும் துருவோடு போராடியது. 2022 இறுதியில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025-இல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்கப்பட்டது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிமானத்தை ஆராய்வதற்கு மண்டபத்துக் கடற்கரையையே களமாகத் தேர்ந்தெடுத்ததும் காரணத்தோடுதான்.

ஆனால் மலையடிவாரத்து ஊர்களில் துரு வேறு வழியாக வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சக்கரம் வாரி அடிக்கும் சேறு மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிக்கொள்ளும். மழை நின்று சாலை உலர்ந்த பிறகும் அந்தச் சேறு ஈரத்துணி போல நாட்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். தகடு வெளியே காய்ந்தும் உள்ளே நனைந்தும் நிற்கும். நோய் தொடங்கும் இடம் அதுவே.

நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்று உங்கள் பாடநூல் சொல்கிறது. சமன்பாட்டை எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். ஓட்டை எந்த இடத்தில் விழும் என்று மட்டும் எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. டிங்கருக்கு வேண்டியதோ அந்த விடைதான்! கேம்பிரிட்ஜில் அரிமானத்தை ஆராய்ந்த யு. ஆர். எவான்ஸ் என்ற அறிஞர் அதை ஒரே ஒரு சொட்டு நீரில் காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஓர் இரும்புத் தகட்டுத் துண்டை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, அதன் மேல் ஒரு பெரிய சொட்டு உப்புநீரை விடுங்கள். சொட்டு உலர்ந்துவிடாதபடி ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுங்கள். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், சொட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தோன்றியிருக்கும். துடைத்துப் பாருங்கள். விளிம்பை ஒட்டிய இரும்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மங்கி அரிபட்டிருப்பது சொட்டின் நடுப்பகுதி.

என்ன நடந்தது? சொட்டின் விளிம்பில் நீர் மெல்லிய படலமாக இருக்கிறது. அங்கே காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாகக் கரைகிறது. நடுவில் நீரின் ஆழம் அதிகம். ஆக்சிஜன் போய்ச் சேர்வது கடினம். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சின்னஞ்சிறு மின்கலத்தை உண்டாக்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதி நேர்மின்வாய் ஆகிறது. அங்கே இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களைத் தகட்டில் விட்டுவிட்டு அயனிகளாக நீரில் இறங்குகின்றன. எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே விளிம்புக்கு ஓடி, அங்குள்ள ஆக்சிஜனையும் நீரையும் ஹைட்ராக்சைடு அயனிகளாக மாற்றுகின்றன. இரண்டு அயனிகளும் வழியில் சந்திக்கும் இடத்தில் துரு படிகிறது. அதாவது, துரு தெரியும் இடம் ஒன்று. இரும்பு கரையும் இடம் வேறொன்று!

இப்போது பட்டிக்கு வாருங்கள். துருவின் மேல் பட்டி வைத்து மூடியவுடன், காற்றை அடைத்துவிட்டோம், இனித் துரு வளராது என்று நினைக்கிறோம். ஆனால் பட்டி கல் போல் இறுகித் தெரிந்தாலும் அதில் ஈரம் ஊறும். தகட்டின் மறுபக்கமோ திறந்தே கிடக்கிறது. ஆக ஈரம் உள்ளே போகிறது. ஆக்சிஜன் போதிய அளவு போவதில்லை. நம் சொட்டின் நடுப்பகுதியில் நிலவிய அதே நிலைமை! மூடிய இடமே நேர்மின்வாயாகிறது. போதாக்குறைக்கு, துருவானது தான் பிறந்த இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடத்தைக் கேட்கும். நீரேற்றம் பெற்றால் இன்னும் அதிகம். உள்ளிருந்து நெட்டித் தள்ளும். ஓரிரு மழைக்காலம் கழித்துப் புதுப் பெயிண்டில் அம்மைக் கொப்புளம் போல எழும்புவது இந்தத் தள்ளலால்தான்.

கொப்புளம் அழகைக் கெடுக்கும், அவ்வளவுதானே என்று கேட்பீர்கள். அதற்கு இயற்பியலின் பதிலைக் கேளுங்கள். காரின் உடற்தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம்தான். ஒரு தகட்டின் வளையா விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். துரு பாதித் தடிமனைத் தின்றுவிட்டால் விறைப்பு பாதியாகக் குறைவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடுகிறது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனியே ஒரு அடிச்சட்டம் உண்டு. பாரத்தைப் பெரும்பாலும் அது தாங்கிக்கொள்ளும். 2014 வரை தயாரான அம்பாசிடருக்கு அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தகட்டுக் கூடே எலும்பு. கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி துருப்பிடித்து, அதைப் பட்டியால் நிரப்பியிருந்தால், முறிந்த முதுகெலும்புக்கு முகப்பவுடர் பூசியது போலத்தான். மோதல் நேரும் நாளில் பட்டி எதையும் தாங்காது.

பழங்கார் வைத்திருப்பவர் பணக்காரர், அவர் கவலை நமக்கெதற்கு என்று விட்டுவிடவும் முடியாது. இதே பட்டறைகளுக்குத்தான் வேன்களும் பேருந்துகளும் வருகின்றன. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதை விசாரித்தது. பள்ளி வாகனங்களுக்கென்று தமிழக அரசு அதே ஆண்டில் தனி விதிகளைக் கொண்டு வந்தது. பேருந்துத் தளத்தில் ஓட்டை ஒரே நாளில் விழுந்துவிடுவதில்லை. யாரோ பார்த்திருப்பார்கள், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையோ போட்டு மூடியிருப்பார்கள். மூடுவதைப் பழுதுபார்ப்பு என்று அழைக்கும் பழக்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் இதனால்தான்.

சரி, வெட்டி ஒட்டுவது ஏன் அவ்வளவு கடினம்? ஆக்சி-அசெட்டிலின் சுடரின் வெப்பநிலை 3,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். இரும்பு ஏறக்குறைய 1,500 டிகிரியில் உருகிவிடும். ஒரு மீட்டர் நீள இரும்பு 100 டிகிரி சூடேறினால் 1.2 மில்லிமீட்டர் நீளும். பற்றவைக்கும் இடத்தில் உள்ள இரும்பும் நீளத்தான் விரும்புகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடுமா? நெருக்குண்ட செவ்விரும்பு இளகி, தடித்துப் போகிறது. ஆறும்போது அதே இடம் சுருங்கிச் சுற்றுப்புறத்தை இழுக்கிறது. விளைவு, நேரே இருந்த கதவு அப்பளம் போல நெளிந்துவிடும்.

இதைத் தவிர்க்க நல்ல டிங்கர் என்ன செய்கிறார் என்று பட்டறையில் நின்று கவனித்துப் பாருங்கள். ஒரு மூலையில் தொடங்கி மறுமூலை வரை ஒரே இழுப்பாகப் பற்றவைக்க மாட்டார். இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி, பிறகு இடையில் ஒன்று என்று விட்டுவிட்டு வைப்பார். ஒவ்வொன்றையும் ஆறவிடுவார், ஈரத்துணி ஒற்றுவார். அடிபட்டு நீண்டு உப்பிப்போன தகட்டை இறுக்கவும் அவர் நெருப்பையே பயன்படுத்துகிறார். உப்பலின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, பின்னால் இரும்புக் கட்டையை அண்டை கொடுத்து, மரச்சுத்தியால் தட்டி, சட்டென்று ஈரத்துணி வைப்பார். உப்பல் அடங்கிவிடும். கல்லூரியில் வெப்ப விரிவு பற்றி நான் கரும்பலகையில் ஒரு மணி நேரம் நடத்துவதை அவர் அரை நிமிடத்தில் நடத்திக் காட்டிவிடுகிறார். நம் கல்வித் திட்டத்தில் இதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை என்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

பட்டியை நான் அடியோடு பழிக்கவில்லை. துரு முழுவதும் போன தகட்டின் மேல், மேடுபள்ளம் தெரியாமலிருக்க இரண்டொரு மில்லிமீட்டர் வைப்பதில் குற்றம் இல்லை. ஓட்டை விழாத மேல்துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் பூசுவதும் நல்ல முறையே. அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிவிடும். டில்லியில் 1,600 ஆண்டுகளாக நிற்கும் இரும்புத் தூணைக் காப்பதில், அதில் உள்ள பாஸ்பரசால் உருவான மெல்லிய படலத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். பிறகு அடிப்பூச்சாக ரெட் ஆக்சைடு அடிப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், அதன் செந்நிறமும் இரும்பு ஆக்சைடுதான்!

இன்னொரு கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். வெட்டி வெட்டிப் புதுத் தகடு போட்டால் அது பழைய கார்தானா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அமெரிக்காவில் 1930, 40-களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றி எறிந்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டி, கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பறந்தார்கள். 'ஹாட் ராட்' என்று அவற்றுக்குப் பெயர். அவர்களுக்குப் பழைய உருவத்தைப் பற்றிக் கவலை இல்லை. நம் நாட்டுச் சட்டம் அந்த விளையாட்டுக்கு இடம் தருவதில்லை. 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டு கடந்து, மூல வடிவில் பேணப்பட்ட, அடிச்சட்டத்திலோ உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டியே பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறும்.

அப்படியானால் வெட்டி ஒட்டுவது மாற்றமா? ஆடிப்பூரத்தன்று ஓடும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். மரச் சக்கரங்கள் இருந்த இடத்தில் இன்று இரும்புச் சக்கரங்கள் உருள்கின்றன. வடம் பிடிப்பவர்கள் அதை வேறு தேர் என்று சொல்வதில்லை. மாற்றியது எல்லோருக்கும் தெரியும். யாரும் மறைக்கவும் இல்லை. துரு தின்றதை மட்டும், அதே கனத்தில், அதே வடிவில் மாற்றியவர் காரைக் காப்பாற்றியவர் என்றே நான் சொல்வேன். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து, எந்தத் துண்டு புதிது என்று ஒரு நோட்டில் எழுதி, வண்டியை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பட்டி வைத்தவரால் அப்படியொரு நோட்டைக் கொடுக்க முடியுமா?

வீட்டில் பழைய வண்டி வாங்கப் போகிறார்களா? ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உடன் போங்கள். நல்ல தகட்டில் அது கவ்விப் பிடிக்கும். தடித்த பட்டி இருக்கும் இடத்தில் தொலைவு கூடுவதால் விசை சட்டென்று குறைந்து நழுவி விழும். கதவின் கீழ்ப்பகுதி, மட்கார்டின் விளிம்பு, டிக்கியின் அடி ஆகிய இடங்களைத் தவறாமல் பாருங்கள். கால்மிதியைத் தூக்கித் தளத்தையும் பாருங்கள். கதவுகளின் அடிவிளிம்பில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் இருக்கும். பெரும்பாலும் மண் அடைத்துக் கிடக்கும். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓர் ஈர்க்குச்சியை எடுத்து அவற்றைக் குத்திவிடுங்கள்.