பேசப்போவது தமிழரிடம், தேர்வு ஆங்கிலத்திலா?

குமுகாய மேலாளர் என்றொரு வேலை இன்று நிறுவனங்களில் பெருகி வருகின்றது. பொருளை வாங்குவோரைக் குழுவாகத் திரட்டுதல், அவர்தம் ஐயங்களுக்கு விடை கூறுதல், சினந்தவரை ஆற்றுதல், பொய்ச்செய்தி பரவாமற் காத்தல், குறைகளை மேலிடத்தின் செவிக்குக் கொண்டுசெல்லுதல் ஆகியவையே அவ் வேலை. பெயர்தான் புதிது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிப் பின்னர்ச் சேலத்திற்கும் விரிந்த மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில், ஊர்தோறும் சென்று பெண்களைத் தன்னுதவிக் குழுக்களாகச் சேர்த்தவர்கள் செய்ததும் ஏறத்தாழ இதுவே. அவர்கள் பேசியது தமிழ்.

இன்று அவ் வேலையை நாடும் சேலத்து இளைஞன் நேர்காணலுக்கு எவ்வாறு அணியமாகின்றான்? தன் பெயர், ஊர், படிப்பு, வலிமை, குறை அனைத்தையும் ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டுக் கண்ணாடி முன் நின்று ஒப்பிக்கின்றான். அதற்கெனப் பயிற்சி நிலையத்திற்குப் பணமும் கட்டுகின்றான். ஆத்தூர் மரவள்ளி உழவரும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிக்காரரும், பள்ளிப்பாளையத்துத் தறிக்காரரும் தன்னிடம் என்ன கேட்பார்கள் என்பதை அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணி என்ன பயன்? தேர்வாளர்தாம் அதைக் கேட்கப் போவதில்லையே!

நாமக்கல்லையே எடுத்துக்கொள்ளலாம். 2006-ஆம் ஆண்டு மராட்டிய மாநிலத்து நவாப்பூரில் கோழிகளுக்குப் பறவைக் காய்ச்சல் கண்டது. நாமக்கல்லில் அந் நோய் இல்லை. ஆயினும் மக்கள் அஞ்சி முட்டையை ஒதுக்கினர், விலை சரிந்தது, பண்ணையாளர் பேரிழப்புக்கு ஆளாயினர். அத்தகைய ஒரு நாளில் குமுகாய மேலாளனாய் அமர்ந்திருப்பவன் என் செய்வான்? பிள்ளைக்கு முட்டை கொடுக்கலாமா என்று ஒரு தாய் கேட்கின்றாள். நன்கு வேகவைத்த முட்டையில் அந் நோய்நுண்மி பிழைத்திராது என்பதை அவளுக்கு விளங்கும் இரண்டு சொற்றொடரில் கூற வேண்டும். இல்லாத நோயை இருப்பதாக எழுதுபவனை வையாமல் மறுக்க வேண்டும். பண்ணையாளரிடம் நாளையே விலை ஏறிவிடும் என்று பொய்யுறுதி கூறலாகாது. அறியாததை அறியேன் என்று சொல்லி, எப்பொழுது விடை தருவான் என்பதையும் சொல்ல வேண்டும். இத் திறங்களுள் ஒன்றையேனும் நாவளைத்துப் பேசும் ஆங்கிலம் அளந்து காட்டுமா?

நடுவணரசின் தேர்வாணையமே, குடிமைப் பணித் தேர்வைத் தமிழில் எழுத 1979 முதல் இடந்தந்துள்ளது. நேர்காணலுக்கும் தமிழில் விடையிறுக்கலாம். மாவட்டத்தை ஆளப்போகின்றவர் தமிழில் பேசலாம். முட்டை வாங்குவோர்க்கு மறுமொழி எழுதப்போகின்றவன் பேசலாகாது! என்னே இவர்கள் முறை! தமிழ்வழியிற் படித்தோர்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு இருபது இடங்களை ஒதுக்கும் 2010-ஆம் ஆண்டுச் சட்டமோ தனியார் வாயிற்படியில் நின்றுவிடுகின்றது.

ஆங்கிலங் கற்றல் குற்றமென்று எவரும் கூறவில்லை. 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பாவாணர், தமிழின் முதன்மையை உலகுக்குக் காட்ட 1966-இல் ஆங்கிலத்திலேயே நூல் எழுதி வெளியிட்டார். கேட்போர் யாரென அறிந்து மொழியைத் தேர்ந்தவர் அவர். அவர் நடந்த நகரிலேயே, கேட்போர் தமிழர் என்று அறிந்தும் தமிழை விலக்கும் கூத்து நடக்கின்றது.

தமிழிளைஞர் மேலும் பழியுண்டு. வேலை தருபவன் கேட்கவில்லை என்பதற்காகத் தம் வலிமையைத் தாமே ஒளிப்பானேன்? நேர்காணலுக்கு முன் ஒரு பண்ணைக்கோ தறிக்கூடத்துக்கோ சென்று, அங்குள்ளோர் கூறும் குறைகள் பத்தினை அவர்தம் சொல்லிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் மறுமொழி தீட்டிக் கையோடு கொண்டு செல்லட்டும். தேர்வாளர் ஆங்கிலத்தில் வினவினால் இயன்ற ஆங்கிலத்தில் விடை கூறிவிட்டு, அத் தாளை அவர்முன் வைத்து, உங்கள் குழுவினர் எம்மொழியில் எழுதுகின்றனர் என்று பணிவாகக் கேட்கட்டும்.