எட்டாம் நம்பர் கால்

வலது கால் கட்டைவிரல் நகம் போன வாரம் கழண்டு விழுந்துடுச்சு மக்களே. ரெண்டு மாசமா கறுத்துப் போய் ஒட்டிக்கிட்டு இருந்தது. வலியெல்லாம் இல்லை, ஆனா பார்க்கச் சகிக்கலை.

காரணம் குமார பர்வதம். குக்கே சுப்பிரமணியாவிலிருந்து ஏறணும், உச்சி 1712 மீட்டர். பெங்களூர்ல பொட்டி தட்டுற ஆளுங்க ஒரு தடவையாவது போய் ஃபோட்டோ எடுத்துட்டு வர்ற மலை. நாங்க நாலு பேர். கிளம்புறதுக்கு முந்தின நாள் மதியம், ஆணி புடுங்குறதுக்கு நடுவுல ஓடிப்போய் நாலாயிரம் ரூபாய்க்கு பூட்ஸ் வாங்கினேன். எட்டாம் நம்பர். காலேஜ்ல சேர்ந்த நாள்லேர்ந்து நான் எட்டுதானே?

ஏறும்போது ஒண்ணும் தெரியலை. இறங்கும்போதுதான் ஆப்பு. சரிவுல ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னாடி சறுக்கி, விரல் பூட்ஸோட மூக்குல போய் முட்டுது. கடைசி ரெண்டு மணி நேரம் நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்தேன். எனக்காக நின்னு நின்னு வந்ததுல காட்டுக்குள்ளேயே இருட்டிடுச்சு. நாலு பேருக்கு ஒரே டார்ச். யாரும் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா தேவலை.

மலைக்குப் போறேன்னு சொன்னாலே "நல்ல பிராண்டா வாங்கு, வாட்டர்ப்ரூஃபா வாங்கு"ன்னு ஆளாளுக்கு யோசனை சொல்றாங்க. என் கட்சி வேற. அளவுதான் முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம். நடக்க நடக்கக் கால் வீங்கும், அதனால சாயங்காலமா கடைக்குப் போகணும். மலையில போடப்போற அதே சாக்ஸோட போட்டுப் பார்க்கணும் (காட்டன் வேண்டாம், வேர்வையைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு கொப்புளம் கிளப்பும்). லேஸ் கட்டாம பாதத்தை முன்னாடி தள்ளி நின்னா, குதிகாலுக்குப் பின்னாடி ஒரு விரல் நுழையணும். அப்புறம் லேஸை இறுக்கிக் கட்டி, கடைத் தரையில முன்பக்கத்தை நல்லா உதைச்சுப் பாருங்க. விரல் முட்டினா வேண்டாம். கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும். வாட்டர்ப்ரூஃப் சமாச்சாரமும் மேற்குத்தொடர்ச்சி மலை மழைக்கு எடுபடாது. தண்ணி மேல் வழியா உள்ளே போயிடும், வெளியே வராது.

"வெள்ளியங்கிரியில தாத்தாக்கள் வெறுங்கால்ல மூங்கில் கம்போட ஏறலையா?"ன்னு ஒரு நண்பன் மடக்கினான். ஏறுறாங்க. வெறுங்காலுக்கு முன்னாடி முட்டுறதுக்குச் சுவர் இல்லையே! தவிர, அவங்க பாதம் வேற, ஏசி ரூம்ல நாற்காலிக்கு அடியில தூங்குற நம்ம பாதம் வேற.

சனிக்கிழமை சாயங்காலம் வேற கடைக்குப் போய் ரெண்டு காலையும் அளந்தேன். இடது எட்டரை, வலது ஒன்பது. ஒன்பதே வாங்கிட்டேன். பழகட்டும்னு ஆபீஸுக்கும் அதையே போட்டுட்டுப் போறேன். டீம் லீட் ஒரு தடவை கீழே பார்த்தார், ஒண்ணும் கேட்கலை.

டிஸ்கி: அடுத்த மலைக்கு அந்த மூணு பேர்ல ரெண்டு பேர்தான் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.