ஏறுறதுக்கு இல்ல தம்பி, இறங்குறதுக்குத்தான் பிரேக்

ஏப்ரல் சீசன் முடிஞ்சதும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் கராஜ்களில் ஒரு கேள்வி கிளம்பும்: "அண்ணே, ரேஸ் பேட் இருக்கா?" மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்த்துட்டு வந்த சூடு அது. 1934இல் தொடங்கிய போட்டி. தேயிலைக்கு நடுவே வளைஞ்சு ஏறுற பாதையில ஒவ்வொரு வண்டியா நேரத்தோடு போட்டி போட்டு ஓடுது. பார்த்தா யாருக்கும் ஆசை வரும். ஆசையில தப்பில்ல. ஆனால் ஆல்டோவுக்கு ரேஸ் பேட் போட்டுக்கொண்டு றம்பொடை வளைவுகளில் இறங்குவது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. பிரேக் பற்றிய பேச்சை ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கே விட்டுவிட்டோம். அது உண்மையிலேயே தேவைப்படுகிற வேன்காரரையும் ஓட்டோக்காரரையும் பஸ் சாரதியையும் மறந்துவிட்டோம்.

பேட் செய்வது ஒரே வேலைதான். ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஒவ்வொரு பேடுக்கும் தனக்கென்று ஒரு வெப்ப எல்லை உண்டு. அந்த எல்லைக்குள்தான் அது ஒழுங்காகப் பிடிக்கும். சாதாரண ரோட்டுப் பேட் குளிரிலேயே பிடிக்கும், ஆனால் சூடு மிதமிஞ்சினால் பிடி தளரும். ட்ராக் பேட் அப்படியில்ல. 600 டிகிரியில் கூட நிற்கும்படி செய்யப்பட்டவை பல உண்டு. அதற்கு விலையாக, குளிர்ந்திருக்கும்போது முதல் மிதிக்கு அவை சரியாகப் பிடிக்காது. டிஸ்க்கையும் சீக்கிரம் தின்னும், கத்தவும் செய்யும். கட்டுகுருந்தையிலோ பன்னலையிலோ சுற்றுக்குச் சுற்று முழு வேகத்தில் வந்து மிதிக்கிறவருக்கு அது சரியான தெரிவு. அவர் மிதிக்கும்போதெல்லாம் பேட் சூடாகத்தான் இருக்கும்.

இப்போ மாகஸ்தோட்டைக்கே வருவோம். அங்கே ஓடுகிறவர் குளிர்ந்த பிரேக்கோடு புறப்படுகிறார். ஒரே ஓட்டம். மேல்நோக்கிய பாதை என்பதால் ஏற்றமே பாதி பிரேக் பிடித்துத் தருகிறது. பேடைச் சூடாக்க நேரமும் இல்லை, தேவையும் இல்லை. அவருக்கு வேண்டியது முதல் வளைவிலேயே பிடிக்கிற பேட். ஆக, நம்ம பசங்க யாரைப் பார்த்து ஆசைப்பட்டார்களோ அவருக்கே அந்தக் கடும் சூட்டுப் பேட் பொருந்தாது. "ரேஸ்" என்ற ஒரு சொல்லை வைத்து பேட் வாங்க முடியாது. எந்த ரேஸ், எத்தனை சுற்று, வண்டி எவ்வளவு எடை, எந்த டயர் என்று கேட்டுத்தான் வாங்க முடியும்.

சரி, நம்ம ரோட்டில் எவ்வளவு சூடு வரும்? கணக்குப் போட்டுப் பாருங்க. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கம்பளை 500 மீற்றருக்கும் கீழே. இடையில் ஏறக்குறைய 1,400 மீற்றர் இறக்கம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வண்டியை நிறுத்தும்போது எவ்வளவு சூடு பிறக்குமோ, அதே வண்டியை 40 மீற்றர் உயரம் பிரேக்கிலேயே இறக்கினாலும் அவ்வளவு சூடு பிறக்கும். எடை கூடினாலும் குறைந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அப்படியென்றால் றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குவது, 100இல் ஓடி 35 தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். இதில் ஒரு பங்கைக் காற்றும் எஞ்சினும் எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டு பெற்றோல் மிச்சம் பிடிக்கிறவருக்கு எஞ்சின் உதவி துளியும் கிடையாது. வேகம் குறைவு என்பதால் பிரேக்கை ஆற்றும் காற்றும் குறைவுதான்.

இதைப் படிச்சதும் ஒருத்தர் கேட்பார்: "அப்போ ரேஸ் பேட் போடுறதுதானே நல்லது?" இல்ல. காரணம் மூன்று.

முதலாவது, பேட் 600 டிகிரி தாங்கினாலும் பிரேக் ஒயில் தாங்காது. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் சேர்ந்த பிறகு அது 140. டொட் 4க்கு 230, ஈரம் சேர்ந்தால் 155. இந்த ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வருஷத்தில் பாதி நாள் மழையும் பனிமூட்டமுமாக இருக்கிற நம்ம ஊரில் பழைய ஒயில் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரைக்கும் போகும். அப்போது முன்னால் எந்த பிராண்ட் பேட் இருந்தாலும் ஒன்றுதான்.

இரண்டாவது, ஆல்டோ மாதிரி வண்டிகளுக்குப் பின்னால் டிஸ்க் கிடையாது, ட்ரம்தான். முன்னால் மட்டும் கடும் பேட் போட்டால் பின் பிரேக் அப்படியே இருக்க, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலை கெட்டுப்போகும். மூன்றாவது, வண்டியை நிறுத்துவது கடைசியில் டயர். தேய்ந்த டயரோடு ஈர ரோட்டில் எவ்வளவு பிடித்தாலும் சக்கரம் வழுக்கத்தான் செய்யும்.

அதனால் செய்ய வேண்டியது வேறு. வண்டிக் கம்பனி சொன்ன தரத்தில் நல்ல ரோட்டுப் பேட். அதன் ஓரத்தில் FF, GG மாதிரி இரண்டு எழுத்து இருக்கும் — முதலாவது குளிர்ந்த நிலையின் பிடி, இரண்டாவது சூடான நிலையின் பிடி. F என்றால் 0.35 முதல் 0.45 வரை, E அதற்குக் கீழே. FE என்று இருந்தால் சூடானதும் பிடி குறைகிறது என்று அர்த்தம். இந்த எழுத்து தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் எழுத்தே இல்லாத, பெட்டியில் மட்டும் பிராண்ட் பேர் இருக்கிற பேடை வாங்காதீங்க. புதுப் பேட் மாட்டியதும் மிதமாகப் பல தடவை மிதித்துப் பழக்குங்க. ஒயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாத்துங்க. ஏறின கியரிலேயே இறங்குங்க. ஒட்டோமெட்டிக் என்றால் L, அக்வா, பிரியஸ் என்றால் B. அந்த எழுத்துகளை அழகுக்குப் போடவில்லை.

இனி நான் உண்மையில் சண்டை போட வந்த விஷயம். 2023 ஜனவரி 20, நானுஓயா ரதல்ல. பாடசாலை மாணவர்களைச் சுற்றுலா கூட்டிவந்த பஸ் ஒன்று வேனோடும் ஓட்டோவோடும் மோதியது. வேனில் இருந்த 6 பேரும் ஓட்டோ சாரதியும் இறந்தார்கள். பஸ்ஸின் பிரேக் செயலிழந்ததாக அப்போது செய்திகள் வந்தன. அடுத்த வருஷம் ஏப்ரல் 21, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில். பந்தயக் கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் பிரேக் என்று சொல்ல வரவில்லை. இரண்டு இடத்திலும் ஏழு ஏழு உயிர். ஃபொக்ஸ் ஹில்லுக்குப் பிறகு ரேஸ் பாதுகாப்பைப் பற்றி நாடே பேசியது. பேச வேண்டியதுதான். ஆனால் போட்டிக்கு வருகிற காரைத் தொடக்கக் கோட்டுக்குப் போக முன்னாடி பரிசோதகர்கள் பார்க்கிறார்கள். வருஷப் பிறப்புக்கு மலை பார்க்க வருகிற வேனின் பிரேக்கை இறக்கத்துக்கு முன்னாடி யார் பார்க்கிறார்கள்?

வருமான வரிப் பத்திரம் எடுக்க வருஷா வருஷம் புகைப் பரிசோதனை செய்கிறோம். நல்லது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். சொந்தக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் புகை சரியென்றால் போதும். பிரேக் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மலைநாட்டுக்கு இது போதாது. புகை பார்க்கிற அதே நாளில் பிரேக்கையும் ஒயிலில் எவ்வளவு ஈரம் என்பதையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஈரம் பார்க்கிற கருவி பேனா அளவுதான்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகிற வேன்களுக்கும் ஓட்டோக்களுக்கும் நம்ம டவுன் மெக்கானிக் அண்ணன்மாரைக் கூட்டி மாதத்தில் ஒரு ஞாயிறு பிரேக் பார்த்துக் கொடுக்கலாம். கிரிக்கெட் மெட்ச் நடத்துகிற இளைஞர் மன்றங்களுக்கு இது முடியாத காரியமா? ரேஸ் பேடுக்குச் சேர்த்து வைத்த காசில் எத்தனை போத்தல் டொட் 4 வரும் என்று கணக்குப் பாருங்க. சீசன் தொடங்க முன்னாடியே தொடங்கலாம்.